காசு கொடுத்துக் கூடாரத்தில் படுத்த ஐந்து இரவுகள்

“காசு கொடுத்து முகாமில் படுக்கப் போகிறாயா?”

அம்மா கேட்டது அவ்வளவுதான். 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில், திருகோணமலைக்கு அருகே உள்ள எங்கள் சாம்பல்தீவில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்கு நான் கைத்தொலைபேசியுடன் விறாந்தையில் உட்கார்ந்தேன். இங்கிலாந்தில் அப்போது காலை ஒன்பது. கிளாஸ்டன்பரி இசை விழாவின் டிக்கெட் விற்பனை தொடங்கும் நேரம் அது. லண்டனில் அண்ணாவின் மகள் கணினிக்கு முன்னால் இருந்தாள். அவளுடைய தோழிகள் இருவரும் தங்கள் தங்கள் வீட்டில் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து, “கிடைத்துவிட்டது மாமி!” என்று மருமகள் கத்தியது தொலைபேசி வழியாக அம்மாவுக்கும் கேட்டது. என்ன கிடைத்தது என்று விளக்கினேன். ஒரு மாட்டுப் பண்ணை, ஐந்து நாள் பாட்டு, கூடாரத்தில் தங்க வேண்டும். கூடாரம் என்ற சொல்லோடு அம்மாவின் முகம் மாறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் முகாம் என்ற சொல்லுக்கு நல்ல அர்த்தம் ஒன்றுகூட இல்லை. இராணுவ முகாம், அகதி முகாம், நலன்புரி முகாம், அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முதல் வருடம், 1990 இல், ஊர் இடம்பெயர்ந்தபோது அம்மா அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டு வழியாக நடந்திருக்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதின்மூன்று வயது. அம்மம்மாவைக் கடல் கொண்டுபோனது. பிறகு ஐந்து மாதம் ஒரு பாடசாலை மைதானத்தில் வெள்ளைத் துணிக் கூடாரத்தில் இருந்தோம். பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. இரவில் மழை பிடித்தால் பாய் நனைந்து குளிர் எலும்பில் ஏறும். அதையெல்லாம் குழந்தைகளோடு தாண்டி வந்த ஒருவரிடம் போய், விமானம் ஏறிக் கூடாரத்தில் படுக்கப் போகிறேன் என்று சொன்னால் வேறு என்ன கேட்பார்?

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. போய் வந்த பிறகு சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: இவ்வளவு தூரம், இவ்வளவு காசு, போகத்தான் வேண்டுமா? இரண்டு கேள்விகளையும் சேர்த்து மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் கோயில் திருவிழாக்களில் மேளச் சமா கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மணலில் பாய் விரித்து, கச்சான் கொறித்துக்கொண்டு, இரண்டு மூன்று கூட்டம் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றையொன்று விரட்டுவதை விடியும்வரை கேட்டிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குச் சுருண்டுவிடுவார்கள். நான் தூங்கமாட்டேன். திறந்த வெளியில், ஆயிரம் பேர் நடுவில், இரவு முழுக்க இசை என்றால் என்னால் வீட்டில் இருக்க முடியாது. 2011 இல் யாழ்ப்பாண இசை விழாவுக்கு பஸ் ஏறிப் போனதும் அந்தப் பழக்கத்தில்தான். மருமகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் அனுப்பும் காணொளிகளில் அந்தப் பச்சை வயலையும் சனக்கூட்டத்தையும் பார்க்கும்போதெல்லாம், ஒருமுறை அந்த மண்ணில் உட்கார வேண்டும் என்று தோன்றும்.

விழா நடக்கும் இடம் இங்கிலாந்தின் சொமர்செட் பகுதியில், பில்டன் என்ற கிராமத்துக்கு அருகே உள்ள வொர்தி பண்ணை. அது உண்மையான பால் பண்ணை. பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் 1970 செப்டம்பர் 19 அன்று முதன்முதலில் ஒரு கச்சேரி வைத்தார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம். ஏறத்தாழ 1,500 பேர் வந்தார்கள். இன்று வேலை செய்பவர்களையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த நிலத்தில் ஐந்து நாள் வாழ்கிறார்கள். 2012 கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டம் முழுவதுமே நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மூதூரும் கிண்ணியாவும் கந்தளாயும் நகரமும் சேர்ந்த எங்கள் சனத்தில் பாதிப் பேர் ஒரு மாட்டுப் பண்ணையில் கூடியதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மேயும் நிலம் என்பதால் சில வருடங்களுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி நிலத்தை ஆறப் போடுகிறார்கள். தம்பலகாமத்து வயல்காரர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 2018 அப்படி விட்ட ஆண்டு, 2026 உம் அப்படியே. ஆகவே திட்டமிடுகிறவர்கள் 2027 ஐத்தான் நினைக்க வேண்டும். அவசரப்பட்டு விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இனிக் காசுக்கணக்கு. 2024 விழாவுக்கு ஒரு டிக்கெட் 355 பவுண்டு, முன்பதிவுக் கட்டணம் ஐந்து பவுண்டு தனி. எங்கள் ரூபாயில் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம். நான் உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் கைக்கு வரும் சம்பளத்தில் அது இரண்டரை மாதம். 2025 இல் கட்டணம் இன்னும் ஏறி 373.50 பவுண்டு ஆனது. நல்ல செய்தி என்னவென்றால், முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டத் தேவையில்லை. நாங்கள் நவம்பரில் 75 பவுண்டு முற்பணம் கட்டி, மிச்சத்தை ஏப்ரலில் கட்டினோம். அந்த ஐந்து மாதமும் நான் சேர்த்தேன். ஆறு மாத வருகை விசாவுக்கு அப்போது 115 பவுண்டு. விமானத்துக்கான காசில் பாதியை அண்ணா தந்தார். தங்க அண்ணா வீடு இருந்தது. இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தால் நான் போயிருக்கமாட்டேன், போகவும் கூடாது.

டிக்கெட் வாங்குவதில் ஒரு விஷயத்தை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி நிமிடத்தில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. விற்பனைக்கு முன்பே ஒவ்வொருவரும் தங்கள் புகைப்படத்தோடு பதிவு செய்து ஓர் இலக்கம் பெற்றிருக்க வேண்டும். டிக்கெட்டில் நம் முகமே அச்சாகி வரும். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. ஒருவர் ஒரே முறையில் ஆறு பேருக்கு வரை எடுக்கலாம் என்பதால், நான்கு பேரின் இலக்கங்களையும் நான்கு பேரும் எழுதி வைத்துக்கொண்டு முயன்றோம். யாருக்குக் கதவு திறந்தாலும் எல்லோருக்கும் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. தனியாக முயன்றிருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். டிக்கெட் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடும் என்றும் யாரும் எண்ணிவிடக் கூடாது. வேலை, திரும்பி வருவதற்கான காரணம், வங்கிக் கணக்கு, அழைப்பவரின் கடிதம் என்று எல்லாவற்றையும் தனியாக அடுக்க வேண்டும். கைமாற்ற முடியாத டிக்கெட் என்பதால் விசாவுக்கான ஆவணங்களை நான் தை மாதமே சேர்க்கத் தொடங்கினேன்.

ஜூன் மாதம் எங்கள் கடற்கரை ஹோட்டல்களுக்கு உழைக்கும் காலம். மூன்று வாரம் லீவு கேட்டபோது முதலாளி நிமிர்ந்து பார்த்தார். முந்தைய இரண்டு வருடமும் நான் லீவே எடுக்கவில்லை என்பதைப் பதிவேட்டோடு காட்டித்தான் சம்மதம் வாங்கினேன்.

புறப்படும் வாரம் அம்மா பேசத் தொடங்கினார். அதுவரை மௌனம். ஒரு மாலை நான் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பள்ளத்தில் கூடாரம் போடாதே. மேட்டு உச்சியிலும் போடாதே, காற்று பிய்த்துவிடும். நடு மேடு பார். கழிப்பறைக்குப் பக்கத்தில் வேண்டாம், ஆனால் இரவில் தனியே நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். நடைபாதை ஓரம் போட்டால் ஆட்கள் கயிற்றில் தடக்கி விழுவார்கள். வாசலைக் காற்றுக்கு முதுகு காட்டி வை. எல்லாக் கூடாரமும் ஒன்று போலத்தான் இருக்கும், அடையாளம் வேண்டும்.” பிறகு உள்ளே போய்த் தன்னுடைய பழைய மஞ்சள் சேலை ஒன்றை எடுத்து வந்து தந்தார். “இதை உயரத்தில் கட்டு.”

நான் இணையத்தில் எத்தனையோ குறிப்புகளைத் தேடிப் படித்திருந்தேன். ஐந்து நாளும் எனக்கு உதவியது அம்மா சொன்னதுதான். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டச் சொன்னார், பண்ணையில் மண்ணைத் தோண்ட அனுமதி இல்லை.

2024 ஜூன் 26, புதன்கிழமை. லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ரயிலில் காசில் கேரி என்ற சிறிய நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து டிக்கெட் வைத்திருப்பவர்களை பஸ்ஸில் இலவசமாகக் கொண்டுபோய் விடுகிறார்கள். வாசல் காலை எட்டு மணிக்கே திறந்துவிடும். முக்கிய மேடைகளில் பாட்டு வெள்ளிக்கிழமைதான் தொடங்கும். அப்படியிருக்க ஏன் புதன்கிழமையே போக வேண்டும் என்று நான் மருமகளிடம் கேட்டிருந்தேன். நல்ல இடம் பிடிக்கத்தான். வியாழக்கிழமை வந்தவர்கள் சுமையோடு மேடும் பள்ளமுமாக அலைந்ததைப் பிறகு பார்த்தேன்.

அந்தச் சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. வாசலிலிருந்து கூடாரம் போடும் இடத்துக்கு நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். நான் இருபத்திரண்டு கிலோ கொண்டுபோயிருந்தேன். அதில் பாதியை ஐந்து நாளும் தொடவில்லை. இரண்டாவது காற்சட்டை போதும், ஐந்தாவது மேற்சட்டை தேவையில்லை, கண்ணாடிப் போத்தல் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அண்ணி சுட்டுத் தந்த பருத்தித்துறை வடை மட்டும் ஒவ்வொரு கிராமும் சுமந்ததற்குப் பெறுமதியானது. நாட்கணக்கில் கெடாத உணவு நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. எள்ளுருண்டையும் கொண்டுபோனோம். உள்ளே ஒரு வேளைச் சாப்பாடு பெரும்பாலும் பத்துப் பவுண்டைத் தாண்டும். நாளுக்கு ஒரு வேளை மட்டும் வாங்கிச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கையில் இருந்ததைக் கொண்டு சமாளித்தோம்.

அம்மா சொன்ன நடு மேட்டைத் தேடிக் கூடாரம் அடித்தோம். கூடாரக் கம்பு போதாது என்று மருமகளின் தோழி கொண்டுவந்த கொடிக்கம்பில் மஞ்சள் சேலையைக் கட்டினோம். மாலைக்குள் சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய தூரம் கூடாரங்கள். நான் அந்த மேட்டில் நின்று பார்த்தபோது கால் நடுங்கியது. வெள்ளையும் நீலமும் பச்சையுமாய், நெருக்கி நெருக்கி, கயிற்றுக்குள் கயிறாக. தண்ணீர்க் குழாயடியில் வரிசை. எனக்குப் பழக்கப்பட்ட காட்சி அது. பதின்மூன்று வயதில் நின்ற அதே வரிசை. ஒரே ஒரு வித்தியாசம், வரிசையில் நின்ற எல்லோருடைய முகத்திலும் சிரிப்பு. மருமகள் பக்கத்தில் வந்து, “மாமி, சரிதானே?” என்றாள். அவளுக்கு அந்த ஐந்து மாதங்களைப் பற்றித் தெரியாது. அன்றிரவுதான் சொன்னேன். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தன் அப்பம்மாவும் மாமியும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஒரு கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டே முதன்முதலாகக் கேட்டாள். அந்த உரையாடல் வீட்டு வரவேற்பறையில் நடந்திருக்காது.

முதல் இரவு குளிரில் விறைத்துப்போனேன். கோடை காலம், பகலில் நல்ல வெயில், பொழுது இரவு ஒன்பதரை மணி வரைக்கும் சாயவே இல்லை. ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரிலிருந்து போன எனக்கு அந்த வெளிச்சம் ஏமாற்றிவிட்டது. நள்ளிரவுக்குப் பிறகு நிலத்திலிருந்து ஒரு குளிர் ஏறி வந்தது. தடித்த படுக்கைப் பை வாங்கியிருந்தேன். கீழே விரிக்கும் மெத்தையை மட்டும் பாரம் என்று விட்டுவிட்டேன். பாடம் இதுதான்: குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் வரும். போர்வையில் மிச்சம் பிடித்தாலும் விரிப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். மறுநாள் உள்ளேயே ஒரு கடையில் மெத்தை வாங்கினேன், வெளியே வாங்குவதைவிட அதிக விலைக்கு. காலை ஐந்து மணிக்குச் சூரியன் வந்துவிடும், எட்டு மணிக்குக் கூடாரம் அடுப்பாகிவிடும். ஆகவே கண்ணை மூடும் துணியும் காதடைப்பானும் இல்லாமல் போனால் தூக்கம் என்பதே கிடையாது.

பெண்கள் என்னிடம் தனியே கேட்கும் கேள்வி கழிப்பறை பற்றியது. வெளிப்படையாகவே சொல்கிறேன். பெரும்பாலானவை நீண்ட வரிசையாகக் கட்டிய ஆழ்குழிக் கழிப்பறைகள். மேலே கூரை இல்லை, உள்ளே தண்ணீர் இல்லை. மரத்தூள் போட்டு மூடும் உரக் கழிப்பறைகளும் உண்டு, அவற்றையே தேடிப் போனோம். கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல், கைக்குட்டைகள், கை கழுவும் திரவம். ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் போத்தல்களை 2019 முதல் அங்கே விற்பதில்லை. எல்லோரும் சொந்தப் போத்தலில் குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொள்கிறார்கள். நான் கொண்டுபோன இரண்டு எவர்சில்வர் போத்தல்களில் ஒன்று குடிக்க, மற்றது கழுவ. குளியல் ஐந்து நாளும் ஈரத்துணியால்தான். சேறும் சகதியும் இல்லாத ஆண்டு எனக்கு வாய்த்தது. சேறு வாய்க்கும் ஆண்டில் போகிறவர்கள் முழங்கால் வரையிலான இறப்பர் சப்பாத்து இல்லாமல் போகக் கூடாது என்று பக்கத்துக் கூடாரத்து முதியவர் சொன்னார். அவருக்கு எழுபது வயதிருக்கும். அங்கே முதியவர்களும், வண்டிலில் வைத்து இழுத்து வரப்பட்ட கைக்குழந்தைகளும் நிறையவே இருந்தார்கள்.

இனி இசைக்கு வருகிறேன். புகழ்பெற்ற ஒருவரைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் போவதாக இருந்தால் போகாதீர்கள். வெள்ளி இரவு விழாவின் முதன்மை மேடையான பிரமிட் மேடையில் துவா லிபா பாடினார். மருமகளுக்கு உயிர். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் என் சுண்டுவிரல் நகத்தளவு. பக்கத்தில் இருந்த பெரிய திரையைத்தான் பார்த்தோம். அதைவிடத் தெளிவாக வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கலாம். முன்னால் போக வேண்டுமென்றால் பல மணி நேரம் முன்பே போய், தண்ணீரும் குடிக்காமல் நிற்க வேண்டும். மேடைகளுக்கு இடையே அரை மணி நேரத்துக்கு மேல் நடை. ஒன்றைப் பார்க்க நினைத்தால் நான்கை விட வேண்டும். நாளுக்கு இரண்டு நிகழ்ச்சியை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு, மிச்சத்தைக் கால் போன போக்கில் விட்டபோதுதான் எனக்கு அந்த இடம் பிடிபட்டது. பெயர் தெரியாத சிறிய கூடாரங்களில், ஐம்பது அறுபது பேர் நடுவில், வயலினும் தோல் வாத்தியமும் கைக்கெட்டும் தூரத்தில் கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளி மாலை நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். செர்பியாவில் பிறந்த நிகழ்த்துகலைக் கலைஞர் மரினா அப்ரமோவிச் பிரமிட் மேடைக்கு வந்தார். சமாதானக் குறியின் வடிவில் தைத்த வெள்ளை உடை. கூட்டம் முழுவதையும் ஏழு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னார். பக்கத்தில் நிற்பவரின் தோளில் கை வையுங்கள் என்றார். குடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்த அத்தனை ஆயிரம் பேர். நடக்காது என்றே நினைத்தேன். நடந்தது.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் மௌனம் காப்போம். கடற்கரையில் அந்த இரண்டு நிமிடத்தில் அலைச் சத்தம் மட்டும் பெருகிக்கொண்டே போவதுபோல் இருக்கும். எனக்கு அந்த மௌனம் தெரியும். ஆனால் ஏழு நிமிடம் நீளமானது. முதல் நிமிடத்தில் யாரோ இருமினார்கள், தூரத்து மேடை ஒன்றின் அதிர்வு நிலத்தில் கேட்டது. மூன்றாவது நிமிடத்தில் கொடிகள் காற்றில் அடிக்கும் சத்தம் மட்டும். என் இடது தோளில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கை. அம்மம்மாவை நினைத்துக்கொண்டேன். அப்பாவோடு மணலில் இருந்த இரவுகளையும், வெள்ளைக் கூடாரத்தின் உள்ளே நிழலாகத் தெரிந்த அம்மாவையும் நினைத்தேன். அழுதேன். அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. இசை விழாவில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விஷயம் இசையே இல்லாத அந்த ஏழு நிமிடம்.

மருமகளுக்குக் கிடைத்தது வேறு. அந்த ஆண்டுதான் முதன்முதலாகத் தென்னாசியக் கலைஞர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். ‘அரைவல்ஸ்’ என்று பெயர். ‘ஷாங்ரிலா’ என்னும் இரவுப் பகுதியில் இருந்தது. நள்ளிரவு தாண்டித்தான் அங்கே சூடு பிடிக்கும். நானும் போனேன். ஒலி எனக்கு அதிகம், காதடைப்பானோடு ஓரமாக நின்றேன். ஆனால் அவள் தன்னைப் போன்ற முகங்களுக்கு நடுவே கையை உயர்த்தி ஆடியதைப் பார்த்தேன். “இவ்வளவு நாளும் இங்கே வரும்போது நான் விருந்தாளி மாமி, இன்றைக்கு வீட்டுக்காரி” என்று திரும்பி நடக்கும்போது சொன்னாள்.

சனிக்கிழமை இரவு கோல்ட்பிளே இசைக்குழு பாடியபோது நாங்கள் கீழே போகவில்லை. கால் இரண்டும் கொப்புளம். நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடந்ததாக மருமகளின் கைக்கடிகாரம் காட்டியது, நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு நடப்பது போல. புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டது என் தவறு. பழகிய சப்பாத்தும் தடித்த காலுறை நான்கு சோடியும் போதும். மேட்டிலிருந்தே பார்த்தோம். கூட்டத்துக்குக் கொடுத்திருந்த கைப்பட்டிகள் பாட்டுக்கு ஏற்ப ஒளிர்ந்து நிறம் மாறின. இரவில் எங்கள் கடலில் தொழிலுக்குப் போன வள்ளங்களின் விளக்குகள் ஆயிரம் மடங்காகப் பெருகிக் கரைக்கு வந்துவிட்டது போல இருந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்திருக்க முடியாது.

தொலைந்து போவதைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வியாழன் இரவு நான் மற்றவர்களைத் தவறவிட்டேன். அத்தனை பேர் ஒரே இடத்தில் இருக்கும்போது தொலைபேசி இணைப்பு எப்போதும் கிடைக்காது. எனக்குச் சேமிப்பு மின்கலமும் தீர்ந்திருந்தது. கும்மிருட்டில், ஒன்று போலவே இருக்கும் ஆயிரக்கணக்கான கூடாரங்களுக்கு நடுவே, கயிறுகளில் தடக்கித் தடக்கி நடந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து யாரோ ஒருவருடைய விளக்கொளியில் அம்மாவின் மஞ்சள் சேலை அசைவதைக் கண்டேன். அடுத்த நாள் முதல், தவறிப்போனால் எந்தக் குழாயடியில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று ஒவ்வொரு காலையும் பேசி வைத்துக்கொண்டோம். தலையில் மாட்டும் டார்ச் ஒவ்வொருவருக்கும் தனியே வேண்டும். பெண்கள் தனியாக வருவதை நான் கண்டேன், அவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆனாலும் முதல் தடவை போகிற நம் பெண்களுக்கு, அந்த இடம் தெரிந்த ஒருவரோடு போங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் போகலாமா? லண்டனிலோ வேறெங்கோ உறவினர் இருந்து, எப்படியும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்ற திட்டம் இருந்தால், அந்தப் பயணத்தை ஜூன் கடைசியில் வைத்துக்கொண்டு போங்கள். தரையில் படுக்கவும் ஐந்து நாள் குளிக்காமல் இருக்கவும் உடம்பு இடம் கொடுக்க வேண்டும். கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ போக வேண்டாம். அந்த விழாவுக்காக மட்டும் விமானம் ஏறவும் வேண்டாம். செலவு செய்த காசுக்குச் சரியாகத் திருப்பித் தர எந்த மேடையாலும் முடியாது, காசைக் கணக்குப் பார்த்துக்கொண்டே நின்றால் எதுவும் காதில் விழாது. இங்கேயே ஒரு மேளச் சமாவுக்குப் பாய் விரித்து விடியும்வரை இருந்து பார்க்காதவர்கள் முதலில் அதைச் செய்யட்டும். அங்கே உட்கார முடிந்தவருக்கு எங்கேயும் உட்கார முடியும். எனக்கு? எனக்குப் பெறுமதி. ஆனால் இரண்டாம் முறை போகமாட்டேன். அந்த ஏழு நிமிடத்தையும், மருமகளோடு படுத்துக் கதைத்த முதல் இரவையும் இன்னொரு டிக்கெட்டால் வாங்க முடியாது.

திங்கள் காலை எல்லோரும் கூடாரங்களைக் கழற்றினோம். பழைய ஆண்டுகளில் பலர் கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவார்களாம், இப்போது எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லித் தொடர்ந்து கேட்டுக்கொள்கிறார்கள். மாடுகள் திரும்பி வந்து மேய வேண்டிய புல் அது. ஒரு ஆணியும் நிலத்தில் கிடந்துவிடக் கூடாது என்று நாங்கள் நான்கு பேரும் குனிந்து தேடினோம். கூடாரத்தை என்னுடனேயே ஊருக்குக் கொண்டுவந்தேன்.

ஊருக்கு வந்ததும் அம்மா பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீருக்கு வரிசை எவ்வளவு நேரம் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். கழிப்பறைக்கு? அதற்கும் பதில் சொன்னேன். இரவில் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் நடந்தார்களா? நடந்தார்கள் அம்மா. தலையை ஆட்டினார். சேலையைக் கொடுத்தபோது விரித்துப் பார்த்து, கிழியவில்லை என்று சொல்லி மடித்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று கூடாரத்தை முற்றத்தில் வேப்பமரத்தடியில் விரித்துக் கட்டினேன். அம்மா வாசற்படியில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்தார். சுற்றிவர ஒரு நடை நடந்தார். பின்பக்கத்து மூலையில் குனிந்து, நான் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இழுத்து இறுக்கித் திரும்பக் கட்டினார்.

“இது தளர்ந்திருந்தது” என்றார். உள்ளே போய்விட்டார்.